எல்லை தாண்டிய கைராசி

என்னோடு கால்நடை மருத்துவம் படித்தவர்களில் ஒருவன் நியூசிலாந்தில் இருக்கிறான். ஒருத்தி கனடாவில். இன்னொருவன் அரபு நாட்டில் ஒட்டகங்களுக்கு ஊசி போடுகிறான். நானும் வெளிநாடு போகத்தான் பார்த்தேன். அதற்கான ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதியில் போன தடவையும் தோற்றேன், அதற்கு முந்தின தடவையும் தோற்றேன். பசுமாட்டிடம் ஆங்கிலத்தில் நான் என்ன பேசப்போகிறேன் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. கடைசியில் ஆங்கிலமும் விசாவும் கேட்காத ஒரு வெளிநாட்டைத் தேர்ந்தெடுத்தேன். பொள்ளாச்சியிலிருந்து போய், கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அந்த நாடு வந்துவிடும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம்.

விருதுநகரில் சொந்தக்காரர்கள் வந்து வழியனுப்பினார்கள். நியூசிலாந்து போகிறவனுக்குக்கூட அத்தனை ஊறுகாய் கொடுத்திருக்க மாட்டார்கள். "கேரளாவுல எல்லாத்துலயும் தேங்காண்ணெய் ஊத்திருவாக" என்று அத்தை கடலை எண்ணெய்த் தகரம் ஒன்றை லாரியில் ஏற்றினார். நியூசிலாந்துக்காரன் போனில், "போறதுதான் போற, மூணாறுக்கு மேல மாட்டுப்பட்டிக்குப் போயேன்டா. அணை, பண்ணை, குளிரு எல்லாம் இருக்கு" என்றான். முன்பே போய்ப் பார்த்திருந்தேன். அங்கிருந்த மாடுகள் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் மருத்துவன் பிழைக்க முடியாது.

என் மனைவி கவிதா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலையை விடவில்லை, விடுப்புதான் போட்டிருந்தாள். "ஓணம் லீவு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உங்களை நம்பி நாலு பேரு மாட்டைக் காட்டினா இருப்போம். இல்லைன்னா நானும் புள்ளையும் கெளம்பிருவோம். நீங்க மாடுகளோட இருந்துக்கங்க" என்றாள். கணக்கு டீச்சர் போடும் நிபந்தனையில் ஓட்டை இருக்காது. பால் கம்பெனி வேலை போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே திட்டம் இதுதான். அவள் கிளம்பினால் நானும் பின்னாலேயே ஊறுகாய் ஜாடிகளோடு திரும்ப வேண்டியதுதான்.

சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். மாடுகளைக் கட்டி நிறுத்தி வைத்தியம் பார்க்கும் பெரிய இரும்புச் சட்டம் ஒன்று கட்டிலுக்கு மேல் இருந்தது. காவலர் அதையே பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்.

"மாடு எங்கே?"

"மாடு இல்லை சார். நான் மாட்டு டாக்டர்."

"மாடு இல்லாம டாக்டர் எதுக்கு?"

"அதைத் தேடித்தான் சார் போறேன்."

அவருக்குத் திருப்தியில்லை. மூலையில் பால் கேன் மாதிரி இருந்ததன் மூடியைத் திறந்தார். அது சினை ஊசிக் குச்சிகளைக் குளிரில் வைக்கும் நைட்ரஜன் கேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று பொங்கிக் கீழே வழிந்தது. காவலர் ஒரே தாவலில் சாலைக்குப் போனார். அவருக்கு முன்பே எங்கள் டிரைவர் போயிருந்தார். நான்காம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகள் யாழினி கைதட்டினாள். கவிதா கைதட்டவில்லை. இந்த ஆளை நம்பியா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற பார்வை. அந்தப் பார்வையோடுதான் கேரளாவுக்குள் நுழைந்தேன்.

வீடும் மருத்துவமனையும் ஒரே கட்டடத்தில். முன்பக்கம் காதர் ராவுத்தரின் தீவனக் கடை, பக்கத்தில் என் அறை, பின்னால் எங்கள் வீடு. ராவுத்தர் குடும்பம் பல தலைமுறையாகப் பாலக்காட்டில் வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம். தவிட்டு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு உலகத்துக்கே தைரியம் சொல்வார். "பேடிக்காதீங்க டாக்டரே. இங்கே ஆளைவிட மாடு ஜாஸ்தி." அந்தப் 'பேடி' பயம்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. தேவைப்படும் வார்த்தை எந்த மொழியிலும் சீக்கிரம் மனதில் ஏறிவிடும்.

முதல் நாள் மதியம் கவலைப்பட நேரமில்லை, பசி. சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசிச் சோறு வந்தது. "அப்பா, சோறு கழுவலையா?" என்றாள் யாழினி. குடிக்க வெந்நீர், அதுவும் இளஞ்சிவப்பாக. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்ததாம். எங்கள் ஊரில் வெந்நீர் கேட்டால் 'காய்ச்சலா?' என்பார்கள். அடுத்த மேசைக்காரர் பரோட்டாவும் இறைச்சியும் சொன்னார். என்ன இறைச்சி என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். நோயாளியின் உறவினரைத் தட்டில் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மறுநாளிலிருந்து காத்திருப்பு. ஊரில் அரசு கால்நடை மருத்துவமனை இருந்தது. இங்கே அதற்கு மிருகாசுபத்திரி என்று பெயர். யாழினி அதன் வாசலில் நின்று புலி வருமா என்று பார்த்தாள். புலிகூட அங்கேதான் போகும் போலிருந்தது. என்னிடம் ஒரு கோழிகூட வரவில்லை. கணவாய்க் காற்று ஆரம்பித்தது. மலைகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளி வழியாக அது நேராக என் மருத்துவமனைக்குத்தான் வருகிறது என்று தோன்றும். ஒரு நாள் என் பெயர்ப்பலகையைப் பிய்த்துக்கொண்டு போய் எதிர்த் தோட்டத்துக் குட்டையில் போட்டது. எருமை ஒன்று அதன்மேல் படுத்துக்கொண்டது. என் பெயர்மேல் ஒரு கால்நடை நம்பிக்கை வைத்தது அதுவே முதல் முறை.

சமையலறையில் கவிதா காய் நறுக்கும் சத்தம் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டிருந்தது.

ஒரு காலை ராவுத்தரின் வாடிக்கையாளர் ஆறுச்சாமி, தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ளவர், மூச்சிரைக்க வந்தார். "ஏனுங்க டாக்டரே, மாடு கன்னு போட முக்குதுங்க. கொஞ்சம் வாறீங்களா?" மிருகாசுபத்திரி டாக்டர் வேறெங்கோ முகாமுக்குப் போயிருந்தார். நான் கருவிப் பையோடு பறந்தேன். போய்ச் சேர்வதற்குள் கன்று பாதி வெளியே வந்திருந்தது. நான் கையைக் கழுவினேன். கன்று மீதியும் வந்தது. நான் செய்த சிகிச்சை அவ்வளவுதான்.

கிடாரிக் கன்று. பெண் கன்று என்றால் நாளைய பால்மாடு. அந்த வீட்டில் பொங்கிய சந்தோஷத்தைப் பார்த்தால் யாரோ கலெக்டர் ஆனதுபோல் இருந்தது. வெல்லம் தூக்கலாகப் போட்ட காபி வந்தது. "டாக்டரு கைராசிங்க. வாசல்ல கால் வெச்சாரு, கெடேரி உழுந்துருச்சு!" என்றார் ஆறுச்சாமி.

நான் படித்தவன் இல்லையா? விளக்கினேன். கன்று ஆணா பெண்ணா என்பது சினை பிடித்த அன்றே முடிவாகிவிடுகிறது, அன்றைக்கு நான் விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா தின்றுகொண்டிருந்தேன், இதில் என் கைக்குச் சம்பந்தமே இல்லை என்றேன்.

"இந்த மாதிரி அடக்கமாப் பேசறவங்களுக்குத்தானுங்க ராசி ஒட்டும்" என்றார் அவர்.

அதன்பிறகு நான் போன இடத்திலெல்லாம், என் கெட்ட நேரம், கிடாரியாகவே விழுந்தது. போன் ஓயவில்லை. எனக்கு 'கெடேரி டாக்டர்' என்று பெயர் வந்தது. சினைமாடு வைத்திருப்பவர்கள் வழியில் நிறுத்தி, "சும்மா ஒருக்கா தடவிட்டுப் போங்க சாமி" என்றார்கள். தடவினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கவிதாவின் காய் நறுக்கும் சத்தம் குறைந்திருந்தது.

அவளுக்கு மட்டும் கணக்கு இடித்தது. "ஏங்க, பாதிக்குப் பாதி காளையும் பொறக்கணும்ல? இத்தனை நாள் வரலைங்கறதுக்காக இனியும் வராதுன்னு அர்த்தமில்ல. அன்னிக்கு என்ன செய்வீக?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் போகும் வழியில் பிள்ளையாரைப் பார்த்தால் வண்டியை நிறுத்த ஆரம்பித்தேன். மரபியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன், கிடாரிக்காகத் தோப்புக்கரணம் போட்டேன். ஒரு தடவை பிள்ளையார் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டது கள்ளுக்கடையின் பின்பக்கம். உள்ளேயிருந்து ஒருவர் பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

ஓணம் நெருங்கியபோது தெய்வாத்தாள் போன் செய்தார். கணவர் பழனிச்சாமியோடு மாடு வைத்துப் பால் ஊற்றும் பெண்மணி. நான் அப்போது மடிநோய் மாடு ஒன்றைப் பார்க்க எல்லையோரத்தில் இருந்தேன்.

"சாமி, மாடு நேத்து மத்தியானத்துலருந்து எந்திரிச்சு எந்திரிச்சுப் படுக்குதுங்க. தண்ணிக்கொடம் வரவேயில்லீங்க. நீங்க வெளியூரு போயிருக்கறதாச் சொன்னாங்க, அதான் நேத்துக் கூப்பிடலீங்க. மெதுவா வேலையை முடிச்சுட்டு வாங்க. நாங்க வேற யாரையும் கூப்பிடலீங்க."

"நேத்துலருந்தா? மிருகாசுபத்திரி உங்க வீட்டுக்குப் பக்கத்துலதானேம்மா இருக்கு?"

"அந்த டாக்டரு தங்கமானவருதானுங்க. ஆனா அவரு வந்தாக் காளையாப் போடுதுங்களே."

நேற்று மதியத்திலிருந்து ஒரு மாடு சாகக் கிடக்கிறது, கெட்டிக்கார டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார், அவரைக் கூப்பிடாமல் இல்லாத ராசிக்காக இவர்கள் என்னை எதிர்பார்த்திருக்கிறார்கள். நான் தடவிக் கொடுத்து வளர்த்த ராசி. அந்த டாக்டரை உடனே கூப்பிடச் சொன்னேன். சொன்னேன் என்றால் கத்தினேன். அவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாராம்.

பைக்கை முறுக்கினேன். வரப்போரச் சேற்றில் பின்சக்கரம் புதைந்தது. இன்னும் முறுக்கினேன். செயின் அறுந்தது. மழை தூற ஆரம்பித்தது. ஒரு பக்கம் நெல்வயல், ஒரு பக்கம் பனைமரங்கள், நடுவில் கெடேரி டாக்டர். கவிதாவுக்குப் போன் போட்டேன். யாழினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கவிதா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். பாதி வழியில், "மூச்சு விடுங்க. முதுகுல சூடே இல்ல" என்றாள்.

தெய்வாத்தாள் வீட்டுத் தொழுவத்தில் ஊரே நின்றது. கிடாரி விழுவதைப் பார்க்க வந்த கூட்டம். கையை உள்ளே விட்டேன். பாதை திருகிக்கொண்டு போனது, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி. கருப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் கன்றின் குளம்பு பட்டது. அழுத்தினேன், இழுத்துக்கொண்டது. உயிர் இருந்தது.

பழனிச்சாமியிடம் சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னேன். "கேட்டுக்கங்க. எனக்கு ராசியும் கிடையாது, மண்ணும் கிடையாது. கருப்பை முறுக்கியிருக்கு. நேத்தே யாரையாவது கூப்பிட்டிருந்தா சுலபம். இப்ப மாட்டைப் படுக்கவெச்சு, வயித்துமேல ஒரு பலகையைச் சாத்தி, அதுல ஒருத்தர் ஏறி நிக்கணும். உள்ள இருக்கிறது நகராம பலகை அமுக்கிக்கும். நாம மாட்டை உருட்டினா முறுக்கு விடுபடும். இல்லைன்னா ரெண்டும் போயிரும்."

கயிறு வந்தது. பலகை வந்தது. மாட்டைச் சாய்த்தோம். ஏறி நிற்க ஆள் வரவில்லை.

"ஏனுங்க, சினைமாட்டு மேல காலை வெக்கறதுங்களா?" என்றார் பழனிச்சாமி. "லச்சுமிங்க அது."

"கால் மாட்டுமேல படாது. பலகை மேலதான்."

"பலகை லச்சுமி மேலதானுங்க இருக்குது."

கயிற்றைப் பிடிக்க அத்தனை பேரும் தயார். குட்டை மரம் மாதிரி ஒருவர் இருந்தார், நிறுத்தினால் கச்சிதமாக இருக்கும். "நான் போன வருசந்தானுங்க சபரிமலைக்குப் போயிட்டு வந்தேன்" என்று பின்வாங்கினார். நானே ஏறலாம் என்றால், உருட்ட உருட்ட உள்ளே கை விட்டுப் பார்க்க வேறு ஆளில்லை. மாடு முனகியது. தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கவிதா செருப்பைக் கழற்றினாள். மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க நிக்கணும்?" என்றாள்.

"நடுவுல. விழுந்துராத."

"என் எடையப் பத்தி வாழ்நாள் பூரா பேசுனீகல்ல, இப்பப் பேசுங்க."

அவள் ஏறி நின்றாள். "உருட்டுங்க!" என்றேன். ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். மாடு முதுகின்மேல் புரண்டது. கவிதா பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பலகையில் படகுக்காரி போல் கால் மாற்றி நின்றாள். கை விட்டேன். முறுக்கு அப்படியே இருந்தது. மறுபடி. கொஞ்சம் விட்டமாதிரி இருந்தது, என் ஆசையாகவும் இருக்கலாம். "இன்னொரு தரம்!" என்றேன். என் குரல் எனக்கே யாரோ அழுவதுபோலக் கேட்டது. புரண்டது. சட்டென்று என் முழங்கை வரை வெதுவெதுவென்று தண்ணீர் பாய்ந்தது. பாதை நேராகிவிட்டது.

கன்றை இழுத்தோம். சேற்றில் விழுந்து, ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு தும்மியது. மாடு தலையைத் திருப்பி நக்க ஆரம்பித்தது. அப்படியே சாணத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தெய்வாத்தாள் குனிந்து வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"காளைங்க" என்றார்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. எனக்கு மோர் வந்தது. காபி வரவில்லை.

அடுத்த நாள் போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும். வழியில் பார்த்த ஆறுச்சாமி, தென்னை மரத்தில் அவசரமாக எதையோ தேடினார். "ராசி தீந்துருச்சுன்னு பேசிக்கிறாங்க டாக்டரே" என்றார் ராவுத்தர், வழக்கமான தவிட்டு மூட்டைமேலிருந்து. "பேடிக்காதீங்க." முதல் தடவையாக அவர் முகத்திலேயே பேடி தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் ஓணத்துக்குப் பூக்கோலம் போட யாழினி பூ கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் மலையாளத்தில் யாரையோ திட்டவும் கற்றிருந்தாள். இந்தக் குடும்பத்தில் வெளிநாட்டில் தேறியவள் அவள் ஒருத்திதான். நான் நைட்ரஜன் கேனைத் துடைத்து மூலையில் வைத்தேன். லாரிக்காரர் எண் போனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கவிதா பார்க்காதபோதுதான் பார்த்தேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

லீவு விட்ட அன்று காலை விருதுநகர்ப் பள்ளியின் தாளாளர் அவளுக்குப் போன் செய்தார். அவள் வாசலில் நின்று பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "ஆமா சார்... இல்ல சார், இன்னும் முடிவு பண்ணல... காலாண்டு வினாத்தாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது டிராக்டர் ஒன்று வந்து நின்றது. நான் அவளைத் தாண்டி வெளியே இறங்கினேன். முன்பின் தெரியாத ஒருவர் குதித்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். "காளைக்கன்னு எடுத்த டாக்டரு நீங்கதானுங்களா?"

பெயர் இப்படியா மாற வேண்டும்? "ஆமாங்க" என்றேன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"தெய்வாத்தா எங்க சித்திங்க. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. செத்த மாட்டை உருட்டிப் பொழைக்க வெச்சுட்டீங்களாமா. அது இப்ப ரெண்டு வேளையும் கறக்குதுங்க. நம்ம மாடும் காலையிலருந்து எந்திரிச்சு எந்திரிச்சுப் படுக்குதுங்க. கெளம்புங்க." அவர் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மிணியையும் கூட்டிட்டு வரோணுங்க. அவுங்க ஏறி நின்னாத்தான் மாடு பொழைக்குமுன்னு சித்தி கண்டிசனாச் சொல்லிருக்குதுங்க."

"அதெல்லாம் இல்லைங்க. பலகையில யார் நின்னாலும்..." என்று ஆரம்பித்தேன். பிறகு ஆறுச்சாமி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

கவிதா என்னைப் பார்த்தாள். டிராக்டர்காரரைப் பார்த்தாள். போனை மறுபடி காதில் வைத்தாள்.

"சார், நான் அப்புறம்... இல்ல சார், அப்புறம் இல்ல. நீங்க வேற டீச்சரைப் பாத்துக்கங்க. இங்க மாடு காத்துக்கிட்டிருக்கு."

டிராக்டரில் அவளுக்குச் சீட்டு. எனக்கு மட்கார்டு. கொழிஞ்சாம்பாறை ரோட்டில் குழி குழியாக விழுந்து எழுந்து போனோம். தூக்கிப் போடும்போதெல்லாம் அவர் வண்டியை மெதுவாக்கி, "அம்மிணி, பாத்துப் புடிச்சுக்கங்க" என்றார். நான் மட்கார்டிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

போய்க் கை விட்டுப் பார்த்தேன். கருப்பை நேராகத்தான் இருந்தது. தீவனம் மாறியதில் வயிறு ஊதியிருந்தது, அவ்வளவுதான். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் தொழுவத்தில் பலகையைக் கழுவி, மஞ்சள் தடவி, நடுவில் கவிதாவின் கால்களுக்கு அளவாக இரண்டு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள்.